பேச்சு ஒரு பக்கம், கட்டுமானம் மறுபக்கம்

பாலஸ்தீனப் பிரச்சினை பற்றிக் கலந்துரையாடல் நடக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறார்களே, ஏன் முடியவில்லை?" நியாயமான கேள்விதான். அதற்கான விடையில் ஒரு பெரும்பகுதி யூதக் குடியிருப்புகளில் இருக்கிறது.

1967ஆம் ஆண்டுப் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலம், காஸா, எகிப்தின் சினாய் உள்ளிட்ட பகுதிகளை இஸ்ரேல் கைப்பற்றியது. பிறகு அங்கே தன் குடிமக்களைக் குடியமர்த்தத் தொடங்கியது. ஆக்கிரமித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியேற்றக் கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா ஒப்பந்தம். அது இங்குப் பொருந்தாது என்று இஸ்ரேல் வாதிடுகிறது. யூதர்களுக்கு அந்த மண்ணோடுள்ள பழைய உறவையும் நாட்டின் பாதுகாப்பையும் காரணம் காட்டுகிறது. பெரும்பாலான நாடுகள் அதை ஏற்பதில்லை.

1993 ஒஸ்லோ ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லை, ஜெருசலம், அகதிகள் ஆகியவற்றோடு குடியிருப்பு விவகாரமும் இறுதிக்கட்டப் பேச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை கட்டுமானத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. விளைவு என்ன? அப்போது மேற்குக் கரையில் மட்டும் சுமார் 110,000 பேர் குடியேறியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 190,000 ஆனது. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ, அந்த நிலமே பேசப் பேசக் குறைந்துகொண்டு வந்தது.

2003ஆம் ஆண்டின் அமைதித் திட்டம், குடும்பங்கள் பெருகுவதைக் காட்டிக் கட்டுவதையும் சேர்த்து முழுமையாக நிறுத்தச் சொன்னது. அது நடக்கவில்லை. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் நெருக்குதலால் 2009 நவம்பரில் இஸ்ரேல் 10 மாதத் தடையை அறிவித்தது. கிழக்கு ஜெருசலத்துக்கும் ஏற்கெனவே தொடங்கிய வீடுகளுக்கும் அதில் விலக்கு. நேரடிப் பேச்சு தொடங்கியதோ 2010 செப்டம்பரில். அதே மாத இறுதியில் தடை காலாவதியானது, பேச்சும் முறிந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்!

ஐ.நா. பாதுகாப்பு மன்றம் என்ன செய்தது? 2011இல் குடியிருப்புகளைக் கண்டித்த தீர்மானத்தை 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்தது. 2016 டிசம்பரில் அத்தகைய தீர்மானம் ஒன்றை எகிப்து கொண்டுவந்து பின்வாங்கியபோது, மலேசியா, நியூசிலாந்து, செனகல், வெனிசுவேலா ஆகிய நான்கும் அதை முன்மொழிந்தன. அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்க, 14 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது. அதுதான் 2334ஆம் தீர்மானம். ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. ஆலோசனைக் கருத்தாக வந்த 2024ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றத் தீர்ப்பின் நிலையும் இதுவே. 2025 ஆகஸ்டில், மேற்குக் கரையை இரண்டாகப் பிரிக்கும் என்று அஞ்சப்படும் இ-1 திட்டத்துக்கு இஸ்ரேல் ஒப்புதல் தந்தது.

அப்படியென்றால் குடியிருப்புகளை அகற்றவே முடியாதா? முடியும். எகிப்துடனான 1979 உடன்பாட்டின்படி, 1982இல் சினாயின் யமித் நகரை இஸ்ரேலே காலிசெய்தது. 2005இல் காஸாவின் 21 குடியிருப்புகளிலிருந்து சுமார் 8,000 பேரை வெளியேற்றியது. மேற்குக் கரையிலோ இன்று ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், கிழக்கு ஜெருசலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் தீர்வின் விலை ஏறுகிறது.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை 'அமைதிப் பேச்சு தொடங்குகிறது' என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்தால், ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: பேச்சு முடியும் வரை கட்டுமானம் நிற்குமா? அதற்கு அந்தச் செய்தியில் பதில் இல்லையென்றால், பழைய கதையே மீண்டும் தொடங்குகிறது என்று பொருள்.