கடைமடை ஆறுகளின் கரைகள்

காவிரியும் வெண்ணாறும் பலவாகக் கிளைத்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்னும் பெயர்களோடு சமுத்திரத்தை நெருங்கும் நாகப்பட்டினப் பிரதேசத்தில், மேலிருந்து வரும் பிரவாகம், ஓதத்தில் ஏறிவரும் உப்புநீர், வயல்களிலேயே பெய்து தேங்கும் ஐப்பசி கார்த்திகை மழை ஆகிய மூன்றுக்கும் ஆற்றங்கரை ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

காவிரிக்குக் கரை எடுத்த பெருமையைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கரிகாலனுக்கு அளிக்கின்றன. ஆயினும் கரை மட்டும் இந்நாட்டைக் காத்ததில்லை. மிகுதியான வெள்ளத்தை ஏற்றுக் கடலில் சேர்க்கக் கொள்ளிடம் இருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி நதிக்குக் கரைகளையே நம்பியிருந்தவர்கள், 1927-இல் அவை பல இடங்களில் உடைந்த பிறகே வெள்ளப்போக்கிகளை அமைக்கத் தலைப்பட்டார்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தைப் பற்றிய பயம் நமக்குக் குறைந்தது. டெல்டாவின் தலைமேலேயே கொட்டும் வடகிழக்குப் பருவமழையை அந்த அணை என்ன செய்ய முடியும்?

நீர் மேலே வழிந்துதான் கரை உடையும் என்பதில்லை. எலி வளையும் நண்டு வளையும் போதும். வெளிச்சரிவின் அடியில் கசியும் நீர் தெளிவாயிருக்கும்வரை அவ்வளவு பயமில்லை. அது கலங்கி வரத் தொடங்கினால், உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். அப்பொழுது துவாரத்தை அடைத்து மல்லுக்கட்டாமல், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீரைச் சற்று உயரவிட்டு வேகத்தைத் தணிப்பதே உபாயம். கரையைப் பெருக்கும்போதும் இதே ஜாக்கிரதை அவசியம்: புல்லையும் வேரையும் செதுக்கி, பழைய சரிவைப் படிபடியாக வெட்டி, களிமண் கலந்த புதுமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து உருளையால் அழுத்த வேண்டும். லாரி மண்ணை உச்சியில் கொட்டிச் சமன்செய்துவிட்டுப் போனால், இரண்டு மண்ணும் ஒட்டாமல் முதல் வெள்ளத்திலேயே சரிந்துவிடும்.

கரை உயர்ந்து, வடிகால் மதகு பழுதாகிக் கிடந்தாலோ, வயலில் நிற்கும் மழைநீர் ஆற்றில் இறங்க வழியின்றிச் சம்பாப் பயிரை அழுகச் செய்யும். ஆகையால், 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாற்றுப் பகுதியில் எடுத்துக்கொண்ட திட்டம், மேற்சொன்ன ஆறுகளின் கரைகளோடு நீரொழுங்கிகளையும் வடிகால்களையும் சேர்த்தே எண்ணியது மிகவும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். கடல் வற்றும் சில மணி நேரத்தில்தான் கடைமடைக் கதவுகளைத் திறந்து நீரை வெளியேற்ற முடியும். அந்நேரம் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் எவ்வளவு உயர்ந்த கரையாலும் பயனில்லை. இவ்வளவு வேலைக்கும் கிடைக்கும் அவகாசம், வழக்கப்படி மேட்டூர் மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட நான்கரை மாதமே. கரைக்கு மண் போடும் அதே கோடையில் மதகும் முகத்துவாரமும் சீராக வேண்டும்.