மடிக்கணினி உறைந்து நின்றால்... கடைக்குக் கொண்டுபோக முன்

"நான்தான் எதையோ பிழையா அமத்திப் போட்டன் பிள்ளை."

முல்லைத்தீவு மாவட்டத்தில் மாதர் சங்கமொன்றின் பொருளாளராக இருக்கும் அக்கா என்னிடம் முதலில் சொன்னது இதுதான். சங்கத்துக்கு நன்கொடையாகக் கிடைத்த பழைய மடிக்கணினி, மாதக் கடைசியில் மட்டும் உறைந்துபோய் நிற்கும். சுழற்சிமுறைக் கடன் கணக்கு, உறுப்பினர்களின் படங்கள், பிரதேச செயலகத்துக்கான கடிதம் எல்லாம் ஒரேநேரத்தில் திறந்திருக்கும்போது திரை அசையாது, மவுஸ் நகராது. தனியே ஒரு கடிதம் அடிக்கும் நாட்களில் எந்தக் குறையும் இல்லை.

நகரத்துத் திருத்தும் கடையொன்றில், "வின்டோஸ் பழுதாப் போச்சுது அக்கா, போமட் பண்ணத்தான் வேணும்" என்றார்கள். அவரும் சம்மதித்தார். கடைக்காரர் ஆவணங்களுக்கான கோப்புறையை மட்டும் பிரதியெடுத்துவிட்டு மிகுதியை அழித்துவிட்டார். நான்கு வருடக் கடன் கணக்கு இருந்ததோ திரையின் முகப்பில். அதுவும் சேர்ந்து போயிற்று. மிஞ்சிய கடிதங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துக்கள். 2009 இல் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வழியில் விட்டு வந்தவர் அவர். "ரெண்டாந்தரமும் துலைச்சுப் போட்டன்" என்று அழுதார்.

கடிதங்கள் உண்மையில் அழியவில்லை. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. போமட் செய்யும்போது அந்த எழுத்துருவும் போய்விடும். அதைத் திரும்ப நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. கணக்கு மட்டும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மாதக் கடைசியில் கணினி மறுபடியும் உறைந்தது!

ஆகவே குற்றம் அக்காவின் விரலிலும் இல்லை, வின்டோஸிலும் இல்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது விசிறி முழுவதும் செம்மண் தூசி. தகரக் கொட்டகைக்குள், மெத்தை விரிப்பின் மேல் வைத்து வேலை செய்திருக்கிறார்கள். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்தால் காற்றை இழுத்துப் பக்கவாட்டாலோ பின்னாலோ சூட்டை வெளியேற்றுகின்றன. அந்தத் துவாரங்கள் அடைபட்டால் உள்ளே இருக்கும் புரொசெஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சூடு மேலும் ஏறினால் இயந்திரம் உறைந்துவிடும், அல்லது தானாகவே அணைந்துவிடும். வேலை கூடும்போது சூடும் கூடுவதால்தான் மாதக் கடைசியில் மட்டும் இந்தத் தொல்லை.

இன்னொரு காரணமும் அங்கே இருந்தது. அந்தக் கணினியின் ரெம் 4 ஜீபி மாத்திரமே. ரெம் என்பது நாம் வேலைசெய்யும் மேசை போன்றது, ஹாட் டிஸ்க் அலுமாரி. மேசை நிறைந்துவிட்டால் கணினி சிலவற்றை அலுமாரியில் வைத்து, தேவைப்படும்போது ஓடிப்போய் எடுத்து வரும். அலுமாரியும் நிறைந்து, அதுவும் பழைய வகை ஹாட் டிஸ்க்காக இருந்தால் இந்த ஓட்டத்திலேயே நேரம் போய்விடும். எமக்கோ உறைந்ததுபோலத் தெரியும்.

இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிய வழியுண்டு. உறைந்ததும் உடனே பவர் பட்டனை அமத்தாதீர்கள். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடா, விசிறி இரைகிறதா, அல்லது சத்தமே இல்லையா? கப்ஸ் லொக் விசையை அமத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் இயந்திரம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, ஐந்து பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். மெமரி, டிஸ்க் என்பவற்றுக்கு மேலே வீதம் காட்டும். அது 90 ஐத் தாண்டி அப்படியே நின்றால் மேசை நிறைந்துவிட்டது என்று பொருள். கூடுதலாக எடுக்கும் செயலியைத் தெரிவுசெய்து எண்ட் டாஸ்க் கொடுக்கலாம். ஆனால் அதில் சேமிக்காமல் இருந்தவை போய்விடும். எதுவும் அசையாவிட்டால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடியளவு அமத்திப் பிடியுங்கள்.

ஹாட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் வேறெதுவும் செய்ய வேண்டாம். முதல் வேலை கோப்புகளைப் பென்டிரைவுக்கு எடுப்பது. அந்தச் சத்தம் டிஸ்க் சாகப்போவதன் அறிகுறியாக இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, கணினியை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு, துவாரங்களை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைப்பது. வாயால் ஊதினால் எச்சில் உள்ளே போகும். மெத்தை, மடி, தலையணை எதிலும் வைக்காமல் மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி விடுங்கள். சோடாப் போத்தல் மூடி இரண்டே போதும்.

கடைக்குப் போவதானால் நாம்தான் பேச வேண்டும். "போமட் வேண்டாம் தம்பி. முதல் விசிறியைத் துப்பரவாக்கி, பேஸ்ட் மாத்தித் தாங்கோ. ரெம் கூட்டலாமோ எண்டும் பாருங்கோ" என்று சொல்லுங்கள். போமட் செய்தேயாக வேண்டுமென்றால், முகப்பில் உள்ளவை உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டதை நீங்களே திறந்து பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். வின்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், 11 ஐப் போடச் சொல்வார்கள். அதற்குக் குறைந்தபட்சம் 4 ஜீபி என்று குறிப்பிடப்பட்டிருந்தாலும், அந்த அளவில் அது தவழ்ந்துதான் போகும். 8 ஜீபி இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். பழைய கணினிகள் பலவற்றில் முறைப்படி அதைப் போடவும் முடியாது.

எமது பயிற்சி வகுப்புகளில் தட்டச்சும் எக்செலும் சொல்லிக் கொடுக்கிறோம். இயந்திரம் ஏன் சூடாகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அது எங்கள் குறை. அதனால்தான் பெண்கள் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள்.

சங்கத்தின் கணக்கை உறுப்பினர்களின் சேமிப்புப் புத்தகங்களை வைத்து ஆறு கிழமைகளில் திரும்ப எழுதி முடித்தார்கள். இப்போது ஒவ்வொரு மாதமும் இரண்டு பென்டிரைவில் பிரதியெடுக்கிறார்கள். ஒன்று அலுவலக அலுமாரியில், மற்றது தலைவியின் வீட்டில். ரெம் வாங்குவதா என்பது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.