குளிர்காலச் சோர்வும் எலியாவின் அப்பமும்



திருவருகைக் காலத்தில் வாரம் ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றுகிறோம். ஆலயத்திற்கு வெளியே, அதே நான்கு வாரங்களில் பகல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. ரொறன்ரோவில் டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரந்தான். மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நம்மில் பலர் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்திலோ, ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரமளவில் இருக்கும். இந்த வேறுபாட்டை நம் உடலும் உணர்கிறது, மனமும் உணர்கிறது.

இக்காலத்தில் சிலர் வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்குகிறார்கள். எழுந்த பின்னும் களைப்பு நீங்குவதில்லை. இனிப்பும் மாப்பண்டமும் அதிகமாகத் தேடுகிறார்கள். ஆட்களைச் சந்திக்க மனமில்லாமல் திருப்பலிக்கும் வராமல் நின்றுவிடுகிறார்கள். இதைக் கண்டு, "செபம் குறைந்துவிட்டது, விசுவாசம் தளர்ந்துவிட்டது" என்று பேசுவோரும் உண்டு. அப்படிச் சொல்வது சரியா?

கண்ணில் படும் காலை வெளிச்சமே நமது உடலின் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்கிறது. இருள் நீளும்போது அந்தக் கடிகாரம் பிந்துகிறது. தூக்கமும் மனநிலையும் குழம்புகின்றன. 1984ஆம் ஆண்டில் நோர்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதனைப் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டு விளக்கினார்கள். அவர் வெயில் நாடான தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். குளிர்காலத்தில் தம் ஊக்கம் குறைவதைத் தம்மிடமே கண்டவர். ஆகவே இது ஒரு நோய். இதற்குச் சிகிச்சையும் உண்டு.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பார்ப்போம். முதலாம் அரசர்கள் நூலின் 19ஆம் அதிகாரத்தில் அவர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரைத் தூங்கவிட்டார். வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மீண்டும் தூங்கினார். மீண்டும் உணவு கிடைத்தது. அதன் பின்னரே ஓரேபு மலைக்கான நாற்பது நாள் பயணமும், அங்கே ஆண்டவரின் மெல்லிய குரலும். சோர்ந்தவருக்கு முதலில் தேவைப்படுவது எது என்பதை இறைவன் அறிந்திருந்தார்.

நாமும் அந்த ஒழுங்கையே பின்பற்றலாம். காலையில் திரைச்சீலையை விலக்கி, முடிந்தால் அரைமணி நேரம் வெளியே நடப்போம். மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். சோர்வு கடுமையாக இருப்பவர்களுக்கு 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் அமரும்படி மருத்துவர் சொல்லக்கூடும். கண் நோய் உள்ளவர்கள் கேட்காமல் அதை வாங்கிப் பாவிக்க வேண்டாம். இங்குள்ள குளிர்கால வெயிலில் நம் தோல் போதிய விற்றமின் டி தயாரிப்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நாள்தோறும் 400 அலகு கொண்ட மாத்திரை எடுக்க வேண்டும் என்று கனடிய உணவு வழிகாட்டி கூறுகிறது.

குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அந்த நிலையில் பாரமான பனியை அள்ளுவது இதயத்துக்குப் பெரும் சுமை. இதய நோய் உள்ளவர்கள் அந்த வேலையை இளையோரிடம் விட்டுவிடுவது நல்லது. நெஞ்சு வலித்தால் காத்திருக்காமல் 911ஐ அழைக்க வேண்டும். மது குடித்தால் உடல் சூடாவதுபோலத் தோன்றும். உண்மையில் உடலின் வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் நத்தார் கேக்கையும் பலகாரத்தையும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டால், விழாவின் மகிழ்ச்சி குறைந்துவிடாது.

மனதுக்கும் இந்த விழாக்காலம் எளிதானதல்ல. இவ்வாண்டு ஒருவரை இழந்த வீட்டில் மேசையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். கடனட்டையில் வாங்கிய பரிசுகளின் கணக்கு ஜனவரியில் வந்து சேரும். ஒளிவிழாவும் விருந்தும் முடிந்த பின், பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, ஊரிலிருந்து வந்த அம்மாவும் அப்பாவும் காலை முதல் மாலை வரை நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கிறார்கள். வாகனம் ஓட்டத் தெரியாது, வெளியே வழுக்கும், ஆங்கிலமும் கைகொடுக்காது. "சுகமாக இருக்கிறோம்" என்றுதான் அவர்கள் பதில் சொல்வார்கள்.

இந்தச் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குடும்ப மருத்துவரிடம் செல்வோம். மருத்துவரும் மருந்தும் ஆண்டவரின் கொடை என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதைச் சும்மா பேச்சாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், கனடாவில் எந்நேரமும் இயங்கும் 988 என்ற எண்ணை அழைப்போம்; குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

நத்தார் காலம் டிசம்பர் 25ஓடு முடிவதில்லை. திருஅவை அதை ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கொண்டாடுகிறது. அந்த நாட்களில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்காவது போவோம். சில வாரங்களாக ஆலயத்தில் காணாத ஒருவருடைய வீடாக அது இருக்கட்டும். சூடான சாப்பாடு கொஞ்சம் கொண்டுபோவோம். அறிவுரை வேண்டாம், அருகில் இருந்து அவர் சொல்வதைக் கேட்போம். அடுத்த ஞாயிறு அவரைக் காரில் திருப்பலிக்கு அழைத்து வருவோம். எலியாவிடம் வானதூதர் இரண்டு முறை வந்தார். நாமும் ஒரு முறையோடு நின்றுவிடாதிருப்போம்.