டின் மீனும் டின் இறைச்சியும்: வீணாக்காமல் சமைப்பது எப்படி?



அண்மையில் ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது வயதான அம்மா ஒருவர் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "எவ்வளவு நேரம் அவிச்சும் உப்பு போகலையேங்க ஐயா, இது என்ன சாமான்?" என்று கேட்டார். கொழும்பில் வேலை செய்யும் மகன் லீவில் வரும்போது கொண்டுவந்த லஞ்சன் மீட் அது. பச்சை இறைச்சி என்று நினைத்து, உப்பும் தூளும் போட்டு ஒரு மணி நேரம் அவித்திருக்கிறார். பிள்ளைகள் வாயில் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான் வாய்க்கால் பக்கம் போய்விட்டது.

டின்னில் வருவது மீனோ இறைச்சியோ, அது முன்பே வெந்த சாமான். தொழிற்சாலையில் டின்னை மூடிய பிறகு, ஏறத்தாழ 120 பாகை சூட்டில் அமுக்கத்தோடு வேக வைக்கிறார்கள். கிருமி சாவது அதனால்தான். மீன் முள்ளும் மெதுவாகிப் போவதால் அதை எறியாமல் மசித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எலும்பு வளர வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டார்கள். முழு நாட்டுக்கும் அது 17 தான். ஆகவே முள்ளைக்கூட வீசக்கூடாது என்று நான் சொல்வது கஞ்சத்தனத்துக்காக அல்ல.

ஒரு டின்னை ஏழு பேருக்குப் பங்கிடுவதை நான் யாழ்ப்பாணத்தில் என் அம்மாவிடம்தான் பார்த்தேன். சுற்றிவரக் கடல் உள்ள ஊர், ஆனால் 2006 ஆவணியில் முகமாலைப் பாதை மூடப்பட்டபோது சாமான்கள் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. கடலுக்குப் போகவும் கட்டுப்பாடு. மீன் சந்தையில் விலை கேட்கவே பயம். எங்கள் ஊரில் "ரின் மீன்" என்போம், இங்கே நீங்கள் "செமன்" என்கிறீர்கள். பெயர்தான் செமன், உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கரல் மீன். பெரிய டின்னில் 425 கிராம் என்று போட்டிருந்தாலும், தண்ணீரை வடித்தால் மீன் 280 கிராம் அளவில்தான் இருக்கும். அம்மா அதோடு உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் சேர்த்துப் பிரட்டுவார். முருங்கைக்காய்க்குப் பதில் இங்கே லீக்ஸ் இருக்கிறது, கோவா இருக்கிறது, போஞ்சி இருக்கிறது.

செய்முறை இதுதான். டின்னில் உள்ள தண்ணீரை ஒரு கோப்பையில் வடித்து வையுங்கள், ஊற்றிவிட வேண்டாம். இரண்டு பெரிய வெங்காயம், ஐந்தாறு பல் உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இருந்தால் ஒரு துண்டு ரம்பை எல்லாவற்றையும் கொஞ்ச எண்ணெயில் வதக்குங்கள். தக்காளி போட்டுக் கரைந்ததும் கறித்தூள். பிறகு அவித்த உருளைக்கிழங்கும் லீக்ஸும். வடித்த மீன் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு ருசி பாருங்கள். உப்புப் போடுவதென்றால் அதன் பிறகுதான், அநேகமாகத் தேவைப்படாது. மீனைக் கடைசியாக மேலே வைத்து ஐந்து நிமிடம் மூடி விடுங்கள். அகப்பையால் கிண்டினால் கூழாகிவிடும், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழியுங்கள். பாண், ரொட்டி, புட்டு எதற்கும் பொருந்தும். மலைக்குக் கொண்டுபோவதென்றால் தண்ணீர் வற்றப் பிரட்டி ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டுங்கள். வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்த பச்சைச் சம்பல் நல்ல ருசிதான், ஆனால் அதைச் செய்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

சாப்பிட மறுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, மசித்த கிழங்கோடு மீனைப் பிசைந்து கட்லட் செய்து கொடுங்கள். மீன் என்றே தெரியாது!

இனி அந்த அம்மாவின் லஞ்சன் மீட். சில வகைகளில் 100 கிராமுக்கு 3 கிராம் வரை உப்பு இருக்கிறது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதற்கு உப்பும் வேண்டாம், சோயா சோஸும் வேண்டாம். எண்ணெய்கூட வேண்டாம். மெல்லிய துண்டாக வெட்டி வெறும் தாச்சியில் போட்டால் அதன் கொழுப்பிலேயே சிவந்து வரும். அந்தக் கொழுப்பில் வெங்காயம், மாளு மிளகாய், நிறையக் கோவா போட்டு வதக்கிச் சோற்றோடு பரிமாறுங்கள். ஐந்து பேருக்கு 340 கிராம் டின்னில் பாதி போதும். கொரியாவில் 1950-53 போருக்குப் பிறகு, அமெரிக்க முகாம்களிலிருந்து வந்த இந்த டின் இறைச்சியை மரக்கறியோடு கொதிக்க வைத்து ஊரே சாப்பிட்டது. இன்றும் அந்தக் கறிக்கு அங்கே மதிப்பு. ஆனாலும் இது அடிக்கடி சாப்பிடுகிற சாமான் அல்ல. பதப்படுத்திய இறைச்சியை அதிகம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015 இல் அறிவித்தது. பிரஷர் உள்ளவர்கள் தொடாமல் விடுவது நல்லது.

இன்னொன்று, டின்னில் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பன்றியா, மாடா, கோழியா என்று வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். மாட்டிறைச்சி தொடாத வீட்டில் தெரியாமல் சமைத்துவிட்டு, பிறகு மனம் நொந்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

மீன் டின் என்றால் எஸ்.எல்.எஸ். முத்திரையும் திகதியும் பாருங்கள். ஊதிய டின், கசியும் டின், ஓரம் நசுங்கிய டின், துருப்பிடித்த டின் எதுவும் வேண்டாம், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். திறக்கும்போது சீறிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தால் ருசிகூடப் பார்க்காமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அதில் வரும் ஒரு வகை நஞ்சுக்கு மணமும் இருக்காது, ருசியும் இருக்காது. மூடிய டின்னை அடுப்பில் வைத்துச் சூடாக்குவது வெடிக்கும் வேலை. திறந்ததை உடனே பீங்கானுக்கு மாற்றுங்கள். பிரிஜ் இல்லாத வீட்டில் சமைத்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

வெறும் டின்னைக் காம்பராவுக்குப் பின்னால் எறிய வேண்டாம். மூடியின் விளிம்பு பிள்ளைகளின் காலை வெட்டும், மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். கழுவி, நசுக்கி, குப்பைக் குழியில் போடுங்கள்.