பேருந்து மறுத்த காசைக் கடை வாங்கியது

சில்லறைத் தட்டுப்பாட்டின் அருமை நமக்கும் பேருந்து நடத்துநருக்கும்தான் தெரியும். லண்டன் மாநகரப் பேருந்துகள் இந்தத் தொல்லைக்கு ஒரே நாளில் முடிவு கட்டின. 2014 ஜூலை 6 முதல் பேருந்தில் ரொக்கம் வாங்குவது அறவே நிறுத்தப்பட்டது. வணிகர்களாகிய நாம் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த மாற்றம் திடீரென்று வந்துவிடவில்லை. 2003இல் 'ஆய்ஸ்டர்' என்ற பயண அட்டை வந்தது. 2012 டிசம்பரில் வங்கி அட்டையைத் தொட்டும் பயணம் செய்யலாம் என்றாயிற்று. 2014இல் அட்டைக்குக் கட்டணம் 1.45 பவுண்டு, ரொக்கத்துக்கோ 2.40 பவுண்டு! விலை வித்தியாசம் வாடிக்கையாளரை எப்படி இழுக்கும் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2000இல் நூற்றுக்கு 25 பயணங்கள் ரொக்கத்தில் நடந்தன. 2014இல் ஒன்றுக்கும் குறைவு. ரொக்கத்தை நிறுத்தினால் ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் பவுண்டு மிச்சம் என்று நிர்வாகம் கணக்குக் காட்டியது.

அந்த ஒருவர் யார்?

கணக்குச் சரிதான். ஆனால் நூற்றில் அந்த ஒருவர் யார்? வங்கிக் கணக்கு இல்லாத ஏழை, ஊருக்குப் புதியவர், அட்டையைத் தொலைத்துவிட்டு இரவில் நிற்கும் பெண். கையில் காசிருந்தும் பேருந்தில் ஏற முடியாதென்றால் அது நியாயமாகுமா? பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது மறுத்தவர்களே அதிகம்.

நிர்வாகமும் சில வழிகளைச் செய்தது. அட்டையில் இருப்புக் குறைந்தாலும் கூடுதலாக ஒரு பயணம் போகலாம். ஆதரவற்ற நிலையில் நிற்பவரை இறக்கிவிட வேண்டாமென்று ஓட்டுநர்களுக்கு அறிவுரை தரப்பட்டது. முதியோருக்கு இலவசப் பயண அட்டை முன்பே இருந்தது.

கடைக்காரரின் பங்கு

எல்லாவற்றிலும் பெரிய துணை தெருமுனைக் கடைகளே. பத்திரிகை, பால், மிட்டாய் விற்கும் சுமார் 4,000 கடைகள் அப்போது ரொக்கம் வாங்கிக்கொண்டு பயண அட்டையில் பணம் ஏற்றித் தந்தன. லண்டனில் இத்தகைய கடைகளை நடத்துவோரில் குஜராத்தியரும் இலங்கைத் தமிழரும் பலர். பேருந்து மறுத்த காசு அவர்கள் கல்லாவுக்கு வந்தது. பணம் ஏற்ற வந்தவர் ஒரு பால் பாட்டிலும் வாங்கிப் போவார் அல்லவா?

ஆனால் ரொக்கத்தை எண்ணுவதும், காப்பதும், வங்கியில் கட்டுவதும் கடைக்காரர் தலையில்தான். பெரிய நிறுவனம் இறக்கிவைத்த சுமையைச் சிறு கடை சுமக்கிறது. அதற்கு நியாயமான கமிஷன் கேட்பது உரிமை, சலுகை அன்று. கடை அடைத்தபின் வரும் பயணிக்கு வழி செய்வது நிர்வாகத்தின் பொறுப்பே.

நமது கடைகளிலும் ஸ்கேன் அட்டை வந்துவிட்டது; நல்லதுதான், வரவேற்போம். ஆனால் கைபேசி இல்லாமல் ஐந்து ரூபாயோடு வரும் பாட்டிக்கும் நம் கடை கடையாகவே இருக்கட்டும். கல்லாப்பெட்டியை மூடிவிட வேண்டாம்.