நூறு ஆட்டங்களும் ஒரே ஓர் ஆட்டமும்

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீண்ட பகற்பொழுதில், படுக்கையில் இருப்பவருக்கும் அருகில் காத்திருப்பவருக்கும் நேரம் நகர்வதில்லை. அவ்வேளைக்கு ஏற்ற பொழுதுபோக்குகளுள் ஒன்று, கணினியில் ஆடும் அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டு. இதற்குக் கைவேகம் தேவையில்லை. அணியை அமைப்பது மட்டுமே நம் வேலை. வீரர்களின் உண்மையான புள்ளிவிவரங்களைக் கொண்டு, தற்செயல் எண்களின் துணையுடன் ஆட்டத்தைக் கணினியே நடத்தும்.

தொடக்கத்தில் இரண்டு அணிகளும் ஓர் ஆட்டமும் போதும். நோயாளி 1927ஆம் ஆண்டின் நியூயார்க் யாங்கீஸ் அணியையும், உடனிருப்பவர் 1975ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட்ஸ் அணியையும் ஏற்கலாம். மெய்யுலகில் இவ்விரு அணிகளும் சந்தித்ததில்லை. ஒவ்வொருவரும் முதலில் பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஒன்பது பேரின் மட்டை வரிசையை அமைக்க வேண்டும். பந்துவீச்சாளருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் விதி, அமெரிக்கன் லீக்கில் 1973இல்தான் வந்தது. எனவே இப்போட்டியில் அவ்விதியை நீக்கிவிடுவதே பொருத்தம்.

ஆட்டம் முடிந்ததும் அதே அணிகளை மீண்டும் மோதவிடுங்கள். முடிவு மாறக்கூடும். பேப் ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்த அந்த 1927இல், யாங்கீஸ் 110 ஆட்டங்களில் வென்றது. 44இல் தோற்கவும் செய்தது.

மருத்துவர் கூறும் எண்களும் இத்தகையவையே. “இச்சிகிச்சையால் நூறு பேரில் எழுபது பேர் பயனடைவர்” என்று கூறப்பட்டதாகக் கொள்வோம். சிலர் அதை உறுதிமொழியாகவும், வேறு சிலர் எஞ்சிய முப்பதைத் தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டும் பிழை. அந்த எண் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவும். ஒருவருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறிவிக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அணியில் ரூத்தைச் சேர்க்கும்போது, எந்த ஆண்டின் ரூத் என்பது முக்கியம். 1935இல் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்காக ஆடியபோது அவர் அடித்தவை 6 ஹோம் ரன்களே. பெயர் ஒன்று, எண்கள் வேறு. அவ்வாறே, நோயின் பெயர் ஒன்றாயினும், வயது, நோயின் நிலை, பிற உடற்குறைகள் ஆகியவற்றால் எண்கள் மாறும். ஆகவே உங்கள் மருத்துவரிடம், “நீங்கள் கூறும் அந்த நூறு பேர் என்னைப் போன்றவர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கணினியில் தோற்ற ஆட்டத்தை மறுபடி ஆடலாம். வாழ்வில் அவ்வசதி இல்லை. அதனால்தான் இக்கேள்வியைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்பது நன்று.