இரண்டு பர்சன்ட் கமிஷனும் 156 டயாலிசிஸும்

1,200 சதுர அடி. 30-க்கு 40. வேங்கிக்காலில் இடம் தேடி வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது இந்த அளவைத்தான். சென்ட் கணக்கில் இரண்டே முக்கால். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஏக்கரை மனை போட்டால் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டதுபோகப் பாதிக்குச் சற்று மேலேதான் விற்பனைக்கு மிஞ்சும். இந்த அளவு மனையாக எண்ணினால் ஏறக்குறைய இருபது.

சித்தப்பா இந்த ஊரில் இடத் தரகர். மனை, வீடு, விவசாய நிலம், வாடகை வீடு என எது வந்தாலும் பார்ப்பார். 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை மாவட்டம் உருவானது. வேலூர் சாலையில் வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் அமைந்தது. அலுவலகத்தைத் தொடர்ந்து ஊழியர் வீடுகளும் ஜெராக்ஸ் கடைகளும் பத்திர எழுத்தர்களும் வந்தார்கள், அவர்களோடு தரகர்களும் வந்தார்கள். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனதும் விற்பவர்கள் விலையை ஏற்றிச் சொல்ல ஒரு காரணம் கூடிற்று.

கணக்குக்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சதுர அடி 2,000 ரூபாய் வீதம் 1,200 சதுர அடிக்கு 24 லட்சம். கமிஷன் 2 பர்சன்ட் என்றால் வாங்குபவரிடம் 48,000, விற்பவரிடம் 48,000, ஆக 96,000. இது முழுதும் ஒருவர் பைக்குப் போகும் என்று வெளியே நினைக்கிறார்கள். பார்ட்டியைச் சொன்ன டீக்கடைக்காரர், ஓனர் பக்கத்து ஆள், சென்னையிலிருந்து பார்ட்டியை அனுப்பிய இன்னொரு புரோக்கர், சித்தப்பா என்று நாலு பங்கு. தலைக்கு 24,000. “நாலு கை மாறி வர்ற பார்ட்டிப்பா, எனக்கு என்ன மிஞ்சும்னு நீயே சொல்லு” என்பார். அதுவும் பத்திரம் முடிந்து, வாங்கியவர் மனம் மாறாமல் கொடுத்தால்தான்.

அதே மனையில் அரசுக்கு எவ்வளவு போகிறது என்றும் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 என்று வைத்தால் 12 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 1,08,000 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் 1-ல் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 11 பர்சன்ட் 9 ஆனதைக் கேட்டு வாங்குபவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நம் மனைக்கு 2023 மார்ச்சில் 88,440 கட்டினால் போதும். ஏப்ரலில் அது 1,08,000. சதவீதம் இறங்கி, கட்டும் தொகை 22 சதவீதம் ஏறியது. கூடுதலாகப் போன பணத்தைப் பலர் கமிஷனில்தான் குறைக்கப் பார்க்கிறார்கள். “பத்திரச் செலவே இவ்வளவு ஆயிடுச்சே, நீங்க கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று ஆரம்பிப்பார்கள்.

இனி வீட்டுக் கணக்கு. சிறுநீரகம் செயலிழந்த சித்திக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். ஆண்டுக்கு 52 வாரம், 156 முறை. ஒரு முறைக்கு 4 மணி நேரம். மருத்துவமனைக்குப் போக, ஊசி ஏற்றக் காத்திருக்க, முடிந்ததும் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருக்க, திரும்பி வர இன்னும் 2 மணி. ஆறு மணி வீதம் 156 முறைக்கு 936 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 117 நாள். கூடப் போகிறவர் சித்தப்பா. எந்த மருத்துவமனை ரசீதிலும் வராத செலவு இந்த 117 நாள்.

இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி ரத்தம் ஓடுகிறது, சுத்திகரிப்பு நீர் 500 மில்லி. நாலு மணி நேரத்தில் அந்த நீர் மட்டும் 120 லிட்டர். ஆண்டுக்கு 18,720 லிட்டர். சித்தி குடிக்கக்கூடிய தண்ணீரோ, நாள் ஒன்றுக்குக் கழியும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். சித்திரை வெயிலில் திருவண்ணாமலையில் அந்த அரை லிட்டரோடு இருப்பது என்னவென்று மலையைச் சுற்றி ஒருமுறை நடந்தவர்களுக்கே தெரியும். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் மாத்திரைக்கு ஒரு கோடு, மதியம் ஒன்று, இரவுக்கு ஒன்று. சாம்பாரும் மோரும் அந்தக் கணக்கில்தான் சேரும். டயாலிசிஸுக்கு முன் எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ ஏறியிருந்தால் ஒரு லிட்டர் நீர் உடம்பில் தேங்கியிருக்கிறது. எடை மூன்று கிலோ கூடிய நாளில் சித்தி நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார். இளநீர், வாழைப்பழம் இரண்டையும் பொட்டாசியம் ஏறும் என்று நிறுத்திவிட்டார்கள்.

டயாலிசிஸுக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தனியாரில் ஒரு முறைக்கு 1,500 என்று வைத்தாலே 156 முறைக்கு 2,34,000 ஆகும். அந்த அட்டை இல்லையென்றால் சித்தி இன்று இல்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆனாலும் செலவு இருக்கிறது. ஆட்டோ, வெளியே சாப்பாடு, கூட இருப்பவருக்கு டீ என்று ஒரு நாளைக்கு 400 ரூபாய். 156 நாளுக்கு 62,400. மாத்திரைகளில் வெளியே வாங்குவது மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. ரத்தப் பரிசோதனை மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. கூட்டினால் 1,22,400.

இப்போது அந்த அட்டையின் வருமான வரம்பைப் பாருங்கள். முன்பு ஆண்டுக்கு 72,000 ஆக இருந்தது, பிறகு 1,20,000 ஆனது. சிகிச்சை இலவசமான ஒரு வீட்டில் நோய்க்கு மட்டும் ஆகும் கைச்செலவே அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதாவது வரம்புக்குள் அடங்கும் குடும்பம் வேறெதற்கும் ஒரு பைசா செலவழிக்காமல் இருந்தாலும் குறைந்தது 2,400 ரூபாய் பற்றாது. 60 லட்சம் ரூபாய் வீடு ஒன்று, ஒரு பக்கக் கமிஷன் 2 பர்சன்ட், பங்கு கேட்க யாரும் இல்லை என்று வையுங்கள். 1,20,000. தரகருக்கு எப்போதோ அமையும் ஒரு நல்ல நாள், ஆண்டு முழுக்க வேண்டிய அட்டையின் வரம்பைத் தொட்டுவிடுகிறது. மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் அளவுகோல் இது. ஆறு மாதம் ஒன்றும் இல்லாமல் ஏழாவது மாதம் ஒன்றாக வரும் வருமானத்துக்கு இது பொருந்தாது. வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது “ஆண்டு வருமானம்” என்ற கட்டத்துக்கு எதிரே சித்தப்பா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஆண்டு என்று எழுதுவது? சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்த வரம்பே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. இ.எஸ்.ஐ.யும் இவர்களுக்குக் கிடையாது. 21,000 வரை மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு அது உண்டு. தரகருக்கு முதலாளி யார்?

நாள் கணக்கு இன்னொன்று. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் போடுகிறவர்கள் அரிது. பன்னிரண்டில் இரண்டு மாதம் போயிற்று. மீதியில் அஷ்டமி, நவமி, தேய்பிறை. செவ்வாய்க்கிழமை யாரும் கையெழுத்து போட மாட்டார்கள். முகூர்த்த நாளில் கூட்டம் தாங்காமல், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150 டோக்கன் தருவதாகப் பதிவுத்துறையே அறிவிக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் இரண்டு வரிசை உண்டு. திங்கள்-புதன்-வெள்ளி ஒன்று, செவ்வாய்-வியாழன்-சனி மற்றொன்று. முதல் வரிசை கிடைத்தால் பத்திரம் நடக்கும் நாளில் மூன்று போய்விடும். சித்தப்பா கேட்டு வாங்கியது இரண்டாவது. செவ்வாய் எப்படியும் வீண், வியாழன் போனால் போகட்டும் என்று கணக்குப் போட்டார். ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சைட் பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமைதான் வருகிறார்கள். அந்தப் பார்ட்டிகளை வேறு தரகரிடம் ஒப்படைத்து, பங்கில் பாதியை விட்டுக்கொடுக்கிறார்.

பௌர்ணமி இந்த ஊர்த் தரகர்களுக்குச் சந்தை நாள். 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்கள் இங்கேயே ஓர் இடம் இருந்தால் தேவலை என்று விசாரிப்பார்கள். சமீப ஆண்டுகளில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர்கள் நிறைய. வெளிநாட்டவரும் கேட்பார்கள். இந்திய வம்சாவளி அல்லாத, இங்கே குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவர் ரிசர்வ் வங்கி அனுமதியின்றி இடம் வாங்க முடியாது, 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைதான் எடுக்கலாம். அதே பௌர்ணமி டயாலிசிஸ் நாளில் விழுந்தால் போக்குவரத்துத் தடைக்குப் பயந்து வெயில் ஏறுமுன்பே கிளம்ப வேண்டும். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம்.

சித்தியின் நோய் எங்கே தொடங்கியது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாய நிலம் கண்டபடி மனையாவதைத் தடுக்க வந்த உத்தரவு, தேவையானது. சரியாக 60 நாள் கழித்து நவம்பர் 8-ல் 500, 1,000 நோட்டு செல்லாமல் போனது. அந்த மனைகளுக்கான வரன்முறை விதிகள் வந்தது 2017 மே மாதம். அந்த எட்டு மாதம் வீட்டுக்குக் கமிஷன் என்று எதுவும் வரவில்லை. சர்க்கரை மாத்திரையைச் சித்தி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டது அதனால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. சிறுநீரகம் செயலிழக்கச் சர்க்கரை நோய் பெரிய காரணம் என்று மட்டும் சொன்னார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 5-ல். எங்கள் வீட்டுக்கு அது ஐந்து ஆண்டு பிந்தி வந்தது.

நோய்க்கு 1,22,400. வீட்டுச் செலவு மாதம் 15,000 வீதம் 1,80,000. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் சுற்றும் பைக்குக்குப் பெட்ரோல் மாதம் 2,250, ஆண்டுக்கு 27,000. மொத்தம் 3,29,400. பங்குக்கு 24,000 என்றால் பதினான்கு மனை முடிய வேண்டும், அதுவும் பத்தே மாதத்தில், வாரம் மூன்று நாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தபடி. சித்தப்பாவுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்பது, பத்து முடிகிறது. மீதிக்குச் சித்தியின் நகை வங்கியில் இருக்கிறது. அதை மீட்க வேண்டிய தேதி ஆடியில் வருகிறது.